அடிக்காமல் பழக்கலாம்: பினாங்கில் நாய் வளர்ப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, ரொட்டிக்காரர் தினமும் மாலை ஐந்தரைக்கு வருவார். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய பெட்டி, கைப்பிடியில் ரப்பர் குமிழ் வைத்த ஹாரன். அந்த ஹாரன் சாலை முனையில் கேட்டதும் எங்கள் நாய் ஜிம்மி கேட்டுக்குப் பாய்வான். சுருட்டிய நாளிதழோடு நான் அவன் பின்னால் ஓடுவேன். அவன் குரைப்பான், நான் கத்துவேன், மூக்கில் ஒன்று வைப்பேன். ரொட்டிக்காரர் போய்விடுவார். மறுநாளும் இதே கதை. ஒன்பது வருடம் இப்படித்தான் போனது. கடைசி வரை ஜிம்மி குரைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் வீட்டில் யாராவது நாளிதழை மடித்தாலே சோபாவுக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொள்வான். அந்த அடியால் அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

இப்போது எங்களோடு இருப்பவள் மல்லி. ஜெலுத்தோங் சந்தைப் பக்கம் லோங்காங் என்னும் சாக்கடைக் கால்வாய் ஓரமாகக் கிடைத்த கம்பத்து நாய்க்குட்டி. அவளை ஒரு முறைகூட அடிக்காமல் வளர்த்தோம். அவளிடமிருந்தும் கால்நடை மருத்துவர்களிடமிருந்தும் நான் கற்றவற்றை, ஒரு புதுக் குட்டி வீட்டுக்கு வரும் நாளிலிருந்து வரிசையாக எழுதுகிறேன். வளர்ந்த நாயைத் தத்தெடுத்தவர்களுக்கும் இதே முறைதான். நாள் மட்டும் கூடுதலாக எடுக்கும்.

அடி ஏன் பலிப்பதில்லை

‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிள்ளைகளுக்கு ரோத்தான் பிரம்பு, நாய்க்கு நாளிதழ். ஆனால் நாய் எப்படிக் கற்கிறது என்று பாருங்கள். ஒரு செயல் முடிந்த ஓரிரு வினாடிக்குள் என்ன நடக்கிறதோ, அதைத்தான் அது அந்தச் செயலோடு முடிச்சுப் போடும். காலையில் கிழித்த செருப்புக்கு மாலையில் அடித்தால், ‘அம்மா வேலையிலிருந்து வந்தால் அடி விழும்’ என்றுதான் அதற்குப் புரியும். உங்களைக் கண்டதும் காதை மடக்கித் தலையைக் குனிவதைப் பார்த்து, ‘தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது’ என்கிறோம். உங்கள் முகத்தைப் பார்த்து அது பயப்படுகிறது, அவ்வளவுதான்.

‘நீதான் தலைவன் என்று காட்டு’ என்பவர்களும் இருக்கிறார்கள். இந்த எண்ணம் 1947இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற ஆய்வாளர் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பற்றி எழுதியதிலிருந்து பரவியது. காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்த டேவிட் மெக், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். முன்பு தாமே பரப்பிய ‘ஆல்ஃபா’ என்ற சொல்லையும் விட்டுவிடச் சொன்னார். எனவே நாயை மல்லாத்திப் போட்டு அமுக்குவது, அதற்கு முன்னால் நாம் சாப்பிட்டுக் காட்டுவது எல்லாம் தேவையில்லாத வேலை. அமுக்கினால் கடி விழவும் வாய்ப்பு உண்டு. விலங்கைக் கொடூரமாக அடிப்பது நம் மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி குற்றம். 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

முதலில் வீட்டு மனிதர்களுக்குப் பயிற்சி

மல்லி வந்த முதல் வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் ‘உட்கார்’ என்பேன். மகன் ‘சிட்’ என்பான். கணவர் மலாயில் ‘டூடோக்’ என்பார். அத்தை, “ஏய், சும்மா இருடி” என்பார். குட்டி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். நாய்க்கு மொழி தெரியாது, ஒலிதான் தெரியும். நான்கு ஒலிகள் என்றால் அதற்கு நான்கு புதிர்கள்.

அதனால் முதல் வேலை, எல்லாரும் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் சொற்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவது. எந்த மொழியாக இருந்தாலும் சரி, ஒரு செயலுக்கு ஒரே சொல். தமிழில் வைப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ‘வா’, ‘சரி’, ‘போ’ எல்லாம் நாள் முழுக்க நம் வாயில் வரும் சொற்கள். பிள்ளையைக் கூப்பிட்டாலும் ‘வா’, தொலைபேசியிலும் ‘சரி சரி’. நாய்க்கு அவை காற்றில் கலந்த சத்தமாகிவிடும். அதனால் பெயரைச் சேர்த்து ‘மல்லி வா’ என்பதை ஒரே சொல்போல ஆக்கிக்கொண்டோம். இன்னொன்று, நாய் வாயைவிடக் கையை நன்றாகப் படிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கைச்சைகையை ஒட்டிவிட்டால், சொல்லில் குழம்புகிற பாட்டிகூட சைகையில் சரியாகச் செய்வார்.

அதே காகிதத்தில் விதிகளையும் எழுதுங்கள். சோபாவில் ஏறலாமா, சமையலறைக்குள் வரலாமா, சாமி அறை வாசலில் எதுவரை. எது என்பது உங்கள் விருப்பம். எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எங்கள் அத்தை சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு துண்டு கொடுத்துவிட்டு, “அவ பாவம்மா, எப்படிப் பாக்குறா பாரு” என்பார். அந்த ஒரு துண்டுக்காக மல்லி இரண்டு மாதம் மேசையடியில் முனகினாள். கடைசியில் அத்தையிடமே, “நீங்கதான் அத்தை அவளுக்கு வாத்தியார், ஆனா அவ தட்டுல மட்டும் போடுங்க” என்று சொன்னேன். அன்றிலிருந்து வீட்டிலேயே கறாரானவர் அவர்தான்.

பரிசும் ‘சபாஷு’ம்

பயிற்சிக்குப் பரிசு வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வெறும் இட்லித் துண்டு, இவை போதும். அளவு பட்டாணிக்கு மேல் வேண்டாம். ஒரு நாளில் ஐம்பது முறை கொடுக்கப் போகிறீர்கள். அந்த அளவை இரவுச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். நெத்திலி கொடுப்பதானால் நன்றாக ஊறவைத்து உப்பை அலசிவிட வேண்டும். குழம்பு, சாம்பார், பிரியாணி எதுவும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் நஞ்சு. வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும்.

அடுத்து, ‘நீ இப்போ செஞ்சதுதான் சரி’ என்று அந்த நொடியிலேயே நாய்க்குச் சொல்ல ஓர் ஒலி வேண்டும். அழுத்தினால் ‘டிக்’ என்னும் சின்னக் கருவியான கிளிக்கர் வாங்கலாம். நான் ‘சபாஷ்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். சின்னது, கூர்மையானது, வேறு யாரிடமும் நாம் அடிக்கடி சொல்லாதது. முதல் இரண்டு நாள் வேறு எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ‘சபாஷ்’ என்று சொல்லி, உடனே ஒரு துண்டு கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் கையைத் தேடித் திரும்பினால் முடிச்சு விழுந்துவிட்டது என்று பொருள்.

பயிற்சி நேரம் 3 முதல் 5 நிமிடம் போதும். அரைமணி நேரம் உட்கார்ந்து போராடினால் இருவருக்கும் சலிப்புதான் மிஞ்சும்.

கழிப்பிடப் பழக்கம்

புதிதாக நாய் வாங்கியவர்கள் மனம் உடைவது இங்கேதான். ஆனால் இது பொறுமையும் கடிகாரமும் சேர்ந்த வேலை, வேறு ரகசியம் இல்லை.

குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டுங்கள். அதிகம் போனால் அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும். 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம், அதுவும் தூங்கும்போது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை வெளியே கொண்டுபோங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட பத்துப் பதினைந்து நிமிடத்திலும், விளையாடி முடித்ததும் கட்டாயம் போக வேண்டும். தரையை முகர்ந்தபடி வட்டமடித்தால் அது கடைசி அறிவிப்பு.

ஒரே இடத்துக்குக் கயிற்றில் கூட்டிப்போங்கள். பேசாமல் நில்லுங்கள். போய் முடித்த நொடியில் சபாஷ், அங்கேயே பரிசு. வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு என்று எண்ணிக்கொள்ளும். கொண்டோவில் பதினெட்டாம் மாடியில் இருப்பவர்களுக்கு மின்தூக்கி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். பால்கனியில் செயற்கைப் புல் போட்ட தட்டு ஒன்றை வைத்து அங்கே பழக்கிவிட்டு, தடுப்பூசி முடிந்ததும் மெல்ல கீழே மாற்றலாம்.

கண்ணில் வைத்துப் பார்க்க முடியாத நேரத்தில் குட்டியைக் கூண்டிலோ சின்னத் தடுப்புக்குள்ளோ விடுங்கள். எழுந்து, திரும்பி, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் சரி. படுக்கும் இடத்தை நாய் அசுத்தம் செய்ய விரும்பாது. ஆனால் கூண்டு தண்டனை அறை ஆகிவிடக் கூடாது. சாப்பாட்டை உள்ளே வைத்து, கதவைத் திறந்தே வைத்து, தானாக உள்ளே போய்ப் படுக்கும் வரை பழக்க வேண்டும்.

வீட்டுக்குள் போய்விட்டால்? துடையுங்கள், அவ்வளவுதான். அதில் நாயின் மூக்கைத் தேய்ப்பது கொடுமை. ஜிம்மிக்கு நான் அதைச் செய்தேன். விளைவு, எனக்குத் தெரியாமல் அலமாரிக்குப் பின்னால் போய்ப் பெய்யக் கற்றுக்கொண்டான். துடைக்க என்சைம் கலந்த திரவம் வாங்குங்கள், செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும். வாடை மிஞ்சினால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். சிறுநீரின் மேல் குளோராக்ஸ் போன்ற வெளுப்பானை ஊற்றாதீர்கள். சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

உட்கார், இரு, வா

‘உட்கார்’ எளிது. கோழித் துண்டை மூக்கருகே பிடித்து, தலைக்கு மேலாகப் பின்பக்கம் மெதுவாக நகர்த்துங்கள். தலை நிமிர, பின்பகுதி தானாகத் தரையில் படும். பட்ட நொடியில் சபாஷ், துண்டு. இடுப்பை அமுக்காதீர்கள். ஐந்தாறு முறைக்குப் பிறகு வெறுங்கையால் அதே அசைவு, பரிசு மறு கையிலிருந்து. அந்த அசைவுக்கே உட்காரத் தொடங்கிய பிறகுதான் சொல்லைச் சேர்க்க வேண்டும். முதலில் சொல், அடுத்து சைகை. சில நாளில் சொல் மட்டுமே போதும். மல்லி இப்போது வீட்டுக்கு வருபவர்களிடம் நான் ‘உட்காருங்க’ என்றாலே தானும் உட்கார்ந்துவிடுகிறாள்.

‘இரு’ என்பது உயிர் காக்கும் சொல். ஆட்டோ கேட் திறக்கும்போது சாலைக்கு ஓடி அடிபடும் நாய்கள் எத்தனை! உட்கார வைத்து, கையைக் காட்டி ‘இரு’ என்று சொல்லி, ஒரு வினாடி கழித்துப் பரிசு. பிறகு மூன்று வினாடி, பத்து வினாடி. நேரம் கூட்டும் நாளில் தூரத்தைக் கூட்ட வேண்டாம். தூரம் கூட்டும் நாளில் தெருவில் போகும் பூனையைச் சேர்க்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் கடினமாக வேண்டும். எழுந்துவிட்டால் நாம் அவசரப்பட்டோம் என்று பொருள். ஒரு படி இறங்கித் தொடங்குங்கள். பிறகு கேட் முன்னால் பழக்குங்கள். கேட் கொஞ்சம் திறக்கும், நாய் அசையாமல் இருந்தால் பரிசு. எழுந்தால் கேட் மூடிக்கொள்ளும், திட்டு கிடையாது.

‘வா’ என்பதைக் கெடுப்பது நாம்தான். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, திட்ட என்று கூப்பிட்டே அந்தச் சொல்லைக் கசக்க வைத்துவிடுகிறோம். அதற்கெல்லாம் நீங்களே நடந்து போய்க் கூட்டி வாருங்கள். ‘வா’ என்றால் எப்போதும் நல்லது நடக்கும் என்று இருக்க வேண்டும். வீட்டுக்குள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறிக் கூப்பிட்டுத் தொடங்குங்கள். பிறகு திடலில் 10 மீட்டர் கயிற்றில். கால் மணி நேரம் அலைந்து திரிந்த பிறகு வந்தாலும் பரிசுதான், கோபம் வேண்டாம். கோபப்பட்டால் அடுத்த முறை வருவதற்கு அரைமணி நேரம் ஆகும்.

குட்டிக்கு உலகத்தைக் காட்டுங்கள்

3 வாரம் முதல் ஏறத்தாழ 14 வாரம் வரை குட்டியின் மூளை புதியவற்றை எளிதில் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கதவு மூடியபின் புதிதாகக் காண்பதெல்லாம் சந்தேகமாகிவிடும். சிக்கல் என்னவென்றால், குட்டிக்கான தடுப்பூசிகள் 16 வாரத்தில்தான் முடிகின்றன. அதுவரை வீட்டிலேயே பூட்டி வைத்தால் நோயிலிருந்து தப்பும், ஆனால் வாழ்நாள் பயந்தாங்கொள்ளியாக வளரும். வழி இதுதான்: தூக்கிக்கொண்டு போங்கள். தெருநாய்கள் திரியும் தரையில் மட்டும் விடாதீர்கள்.

மல்லியைத் துணிப்பையில் வைத்துத் தினமும் இருபது நிமிடம் தூக்கிக்கொண்டு போவேன். கடை முன் நடைபாதையான அஞ்சடியில் நாற்காலி இழுபடும் சத்தம், ஹெல்மெட் போட்ட உணவு விநியோகக்காரர், குடை விரிப்பது, தொப்பி போட்ட சீனத் தாத்தா, தூடோங் முக்காடு அணிந்த பள்ளிப் பிள்ளைகள், ஊன்றுகோல், சக்கர நாற்காலி, ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டே வரும் பழைய பேப்பர் லோரி. ஒவ்வொன்றையும் அவள் பார்த்ததும் ஒரு துண்டு. பயந்தால் பின்வாங்கித் தூரத்திலிருந்து பார்ப்போம். ‘தொட்டுப் பாரு, ஒன்னும் செய்யாது’ என்று பக்கத்தில் தள்ளக் கூடாது.

நடை

தரையில் புறங்கையை 5 வினாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். நம் ஊரில் காலை எட்டரைக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும்தான் நடை. பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களும் ஹஸ்கியும் வெப்பத்தில் சீக்கிரம் விழுந்துவிடும். நுரை தள்ளி மூச்சிரைத்து, ஈறு சிவந்து, தள்ளாடினால் உடனே உடம்பில் தண்ணீர் ஊற்றி, காற்றுப் படவைத்து, மருத்துவரிடம் ஓடுங்கள்.

கயிற்றை இழுக்கும் பழக்கத்துக்குக் காரணம் ஒன்றே. இழுத்தால் முன்னேற முடிகிறது. கயிறு இறுகியதும் மரம்போல நின்றுவிடுங்கள். தளர்ந்ததும் சபாஷ், நடை. முதல் வாரம் நான்கு வீடு தாண்டவே கால் மணி நேரம் ஆகும். அந்த வாரத்தைப் பொறுத்துக்கொண்டால் பத்து வருடம் சுகம். மார்பின் முன்பக்கம் கயிறு மாட்டும் ஹார்னஸ் உதவும். கழுத்தை நெரிக்கும் சங்கிலியும் முள்பட்டையும் வேண்டாம்.

தெருநாய்க் கூட்டம் வந்தால் ஓடாதீர்கள். கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி மெதுவாக விலகுங்கள். நான் எப்போதும் குடை எடுத்துப் போவேன். மழைக்கும் ஆகும், சட்டென்று முன்னால் விரித்தால் தடுப்பாகவும் ஆகும்.

நம் அக்கம்பக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முஸ்லிம்களுக்கு நாயின் எச்சிலோ ஈரமான உடலோ பட்டுவிட்டால், அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். அது அவர்களின் மார்க்க முறை, வெறுப்பு இல்லை. எதிரே வந்தால் கயிற்றைச் சுருக்கி, நாயை உங்கள் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மின்தூக்கியில் அடுத்ததற்குக் காத்திருங்கள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எங்கள் மாக்சிக், எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றபடியே தினமும், “மல்லி, சுடா மாக்கான்?”, அதாவது சாப்பிட்டாச்சா என்று கேட்பார். மல்லியும் தள்ளி உட்கார்ந்து வாலை ஆட்டுவாள். தொடாமலே நல்ல அண்டை வீட்டாராக இருக்கலாம்.

நாய்க்கு உரிமம் கட்டாயம். தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின் 14ஆம் துணைவிதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவர்களுக்குத் தொல்லை என்றால், மூன்று நாளில் விலங்கை அகற்றச் சொல்லி நிர்வாகம் எழுத்தில் உத்தரவிடலாம். குரைப்பு வெறும் குரைப்பாக முடியாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

குரைப்பு

முதலில் ஏன் குரைக்கிறது என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். நேரம், என்ன சத்தம், எங்கே பார்த்துக் குரைத்தது. காவல் குரைப்பு, சலிப்புக் குரைப்பு, ‘எனக்குக் கொடு’ குரைப்பு, தனிமைக் குரைப்பு எல்லாவற்றுக்கும் மருந்து வேறு வேறு. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிய நாய் குரைப்பதற்கு ஒரே மருந்து அவிழ்த்துவிடுவது.

காவல் குரைப்பு தானே தன்னை வளர்த்துக்கொள்ளும். ரொட்டிக்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போகிறார். ‘நான்தான் துரத்தினேன்’ என்று நாய்க்குத் தினமும் ஒரு வெற்றி. நாமும் கத்தினால், கூடச் சேர்ந்து குரைக்கிறோம் என்று நினைக்கும்.

மல்லிக்கு நாங்கள் செய்தது இது. கேட்டின் கீழ்ப்பாதியைப் பச்சை வலையால் மறைத்தோம், பாதிச் சத்தம் அன்றே குறைந்தது. ரொட்டிக்காரரின் ஹாரனைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். வரவேற்பறையில் ஒரு பாய். ஒலியை மிக மெலிதாக வைத்து ஹாரன், உடனே பாயின் மேல் கோழித் துண்டு. ஹாரன், துண்டு. காதை நிமிர்த்துவாள், ஆனால் குரைக்க மாட்டாள், அந்த அளவு ஒலி. ஒரு வாரம் கழித்து ஒரு புள்ளி கூட்டினேன். குரைத்தால் ஒலி அதிகமாகிவிட்டது என்று குறைத்தேன். ஐந்தாவது வாரம் ஹாரன் கேட்டதும் தானே ஓடிப் பாயில் நின்றாள். அப்புறம்தான் உண்மையான ரொட்டிக்காரர். அவரிடமும் சொல்லிவைத்து, முதல் நாள்களில் சாலை முனையிலேயே ஹாரன் அடிக்கச் சொன்னேன். மொத்தம் இரண்டரை மாதம். நடுவில் ஒரு நாள் பேப்பர் லோரி வந்து எல்லாம் பாழாகி, திரும்ப மெலிதான ஒலியிலிருந்து தொடங்கினோம்.

‘எனக்குக் கொடு’ குரைப்புக்குப் பார்வைகூடக் கொடுக்கக் கூடாது. நிறுத்திய மூன்றாவது வினாடியில் சபாஷ். நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்டதும் முதல் சில நாள் இரண்டு மடங்காகக் குரைக்கும். பழைய சாவி திறக்காதபோது நாம் இன்னும் வேகமாகத் திருப்புவோமே, அதுபோல. அந்த நேரத்தில் இரக்கப்பட்டுக் கொடுத்தால், ‘இன்னும் சத்தமாகக் குரைக்க வேண்டும்’ என்று கற்றுக்கொடுத்தவர் நீங்களே.

கடித்தல், மெல்லுதல், மேலே பாய்தல்

குட்டிக்கு 4 மாதம் முதல் 6, 7 மாதம் வரை பல் முளைக்கும். மெல்லாமல் இருக்காது. நனைத்து உறைய வைத்த துணி, ரப்பர் பொம்மை கொடுங்கள், செருப்பை மேலே வையுங்கள். கையைக் கடித்தால் ‘ஆ’ என்று சொல்லி, எழுந்து, அரை நிமிடம் முதுகைக் காட்டுங்கள். கையால் விளையாட்டுச் சண்டை போடும் மாமாக்களை முதலில் நிறுத்துங்கள். மேலே பாயும் நாய்க்கும் இதுவே. பாய்ந்தால் நாம் திரும்பிக்கொள்வோம், நான்கு காலும் தரையில் இருந்தால்தான் தடவல். தீபாவளிக்கு வருபவர்கள் வெள்ளை வேட்டியோடு நிற்கும்போது, “பரவால்ல, பரவால்ல” என்று தட்டிக்கொடுத்து இந்தப் பாடத்தைக் கெடுப்பார்கள். அன்றைக்கு மட்டும் நாயைக் கயிற்றில் வையுங்கள்.

வளர்ந்த நாயின் உறுமல் வேறு விஷயம். ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பதை நம்பி விரல் இழந்தவர்கள் உண்டு. நாய் முதலில் முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், உடம்பு கல்லாகும். அதையும் நாம் கவனிக்காவிட்டால்தான் உறுமும். உறுமினதற்கு அடித்தால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். எச்சரிக்கை மணியைப் பிடுங்கி எறிந்தது போலத்தான்.

சாப்பாட்டுத் தட்டருகே போனால் உறுமுகிறதா? தட்டைப் பிடுங்கி அதிகாரம் காட்டாதீர்கள். அது பயந்தது சரிதான் என்று நிரூபிப்பீர்கள். அது அமைதியாகச் சாப்பிடும் தூரத்தில் நின்று, தட்டிலிருப்பதைவிட நல்ல ஒரு துண்டை எறிந்துவிட்டுப் போங்கள். தினமும் சில முறை. வாரங்கள் போகப் போக ஓரடி நெருங்குங்கள். ஆள் வந்தால் நல்லது கூடும் என்று புரிந்துவிடும். இந்தப் பயிற்சியைப் பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டும். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் நாய் தனியறையில் சாப்பிடட்டும்.

யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் வெறிநோய் திரும்ப வந்ததை நாம் மறக்கக் கூடாது. தடுப்பூசி போட்ட அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

தனியே விட்டால் அழுவது

கைப்பேசியை ஓரிடத்தில் வைத்துப் பதிவு செய்துவிட்டு வெளியே போங்கள். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு அப்புறம் தலையணையைக் கிழித்தால் அது சலிப்பு. நடையும், உணவு அடைத்த ரப்பர் பொம்மையும் போதும். நீங்கள் போன பத்து நிமிடத்துக்குள் எச்சில் வடிய, கதவைப் பிறாண்டி, ஊளையிட்டால் அது பீதி. அதற்குத் தண்டனை கொடுப்பது காய்ச்சலுக்கு அடிப்பது போல. 2020 கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வளர்ந்த குட்டிகள் பலவற்றுக்கு வீடு காலியாக இருந்து பழக்கமே இல்லாமல் போனது.

சாவியை எடுங்கள், திரும்ப வையுங்கள். செருப்பைப் போடுங்கள், உட்காருங்கள். நாய் கண்டுகொள்ளாமல் போகும் வரை. பிறகு கதவுக்கு வெளியே 5 வினாடி, 20 வினாடி, ஒரு நிமிடம். பீதி தொடங்குவதற்கு முன்பே திரும்ப வர வேண்டும். இந்த வாரங்களில் அதை முழுத் தனியாக விடாமல் உறவினரையோ அண்டை வீட்டாரையோ பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முற்றிய நிலையில் மருந்தும் வேண்டியிருக்கும். தயங்காதீர்கள்.

நல்ல நாய் திடீரென்று மாறினால் முதலில் மருத்துவர், பிறகுதான் பயிற்சி. காது வலி, பல் வலி, உண்ணிக் காய்ச்சல் எல்லாம் உறுமலாகத்தான் வெளியே வரும். நம் ஈரமான ஊரில் உண்ணிக்கு ஓய்வே இல்லை. பயிற்சியாளரைத் தேடினால் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘நாய் தப்பு செஞ்சா என்ன செய்வீங்க?’ மின்சாரப் பட்டை, நெரிக்கும் சங்கிலி என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பட்டாசும் உறுமி மேளமும்

பினாங்கு நாய்க்கு வருடத்தில் நிம்மதியான மாதங்கள் குறைவு. தீபாவளி, சீனப் புத்தாண்டு, அதன் எட்டாம் நாள் இரவில் ஹொக்கியன் சீனர்களின் வானக் கடவுளான தீ கோங் வழிபாடு, தைப்பூசத்தில் இரத ஊர்வலப் பாதை முழுக்க உடையும் தேங்காயும் உறுமி மேளமும். நாயைக் கூட்டிக்கொண்டு இவற்றைப் பார்க்கப் போகாதீர்கள்.

இரண்டு மாதம் முன்பே பட்டாசு ஒலிப்பதிவை ஹாரனுக்குச் சொன்ன அதே முறையில் பழக்குங்கள். அன்றைய நாளில் இருட்டும் முன் நடையை முடித்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண், முடிந்தால் மைக்ரோசிப். பட்டாசு இரவுகளில் பயத்தில் கேட்டைத் தாண்டி ஓடித் தொலையும் நாய்கள் நிறைய. ஜன்னல் குறைந்த அறையில் அதன் படுக்கை, விசிறி, தொலைக்காட்சிச் சத்தம். ‘தடவிக்கொடுத்தால் பயத்தை வளர்ப்பீர்கள்’ என்பார்கள், அது தவறு. பயம் ஓர் உணர்வு, ஆறுதல் சொன்னால் வளராது. மடியில் வந்து படுத்தால் படுக்கட்டும். ஒடுங்கி நடுங்கி, சாப்பிடவும் மறுக்கும் நாய்க்கு மருத்துவர் பயம் தணிக்கும் மருந்து தருவார். அதைக் கடைசி நாள் கேட்காமல் இரண்டு வாரம் முன்பே கேட்டு, ஓர் அமைதியான நாளில் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை நடையில் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். சாலையில் கிடக்கும் சிவப்புப் பட்டாசுத் தாள்களையும் கருகிய மருந்தையும் முகரவோ நக்கவோ விடாதீர்கள்.